மச், மெனி, மாத்தளை

ஆங்கிலத்தில் அளவு சொல்லப் புறப்படும் மாத்தளை மாவட்டத்துக்காரர் கையோடு வைத்திருக்க வேண்டியவை: ஒரு தராசு, தோட்டத்து ஆட்களின் வரவைப் பதியும் ஒரு செக்ரோல் புத்தகம், எண்ணுவதற்கு ஓர் ஆள், எண்ணப்படுவதற்கு இன்னோர் ஆள். அகராதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. இலக்கணப் புத்தகம் இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். அதில் வரும் சாரா என்ற பெண்ணிடம் எத்தனை ஆப்பிள் இருக்கிறது என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் கேட்பார்கள். ரத்தோட்டையில் ஆப்பிள் விளைவதில்லை.

முதல் படி எளிது. எண்ணக்கூடியதற்கு மெனி, எண்ண முடியாததற்கு மச். இதைத் தமிழர் புதிதாகப் படிக்கத் தேவையில்லை. 'எத்தனை' என்று கேட்க வாய் வந்தால் மெனி, 'எவ்வளவு' என்று வந்தால் மச். எத்தனை தேங்காய், எவ்வளவு தேங்காயெண்ணெய். எத்தனை மூட்டை, எவ்வளவு மிளகு. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் லொறிக்கும் லொறிக்கும் நடுவே நின்று இந்த இரண்டு கேள்விகளை மட்டுமே கேட்டுப் பிழைப்பு நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் இலக்கணம் படித்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. மச், மெனி இரண்டும் பேச்சில் பெரும்பாலும் கேள்விக்கும் மறுப்புக்கும்தான் பொருத்தம். 'ஐ ஹாவ் மச் மணி' என்று நேராகச் சொன்னால் இலக்கணக்காரர் முகம் சுளிப்பார், கடன் கேட்பவர் முகம் மலர்வார். சாதாரணப் பேச்சில் 'எ லொட் ஒஃப்' என்று போட்டுவிடுங்கள். அது எண்ணுவதற்கும் ஒத்துவரும், நிறுப்பதற்கும் ஒத்துவரும். சோம்பேறிகளுக்காகவே ஆங்கிலம் செய்து வைத்திருக்கும் ஒரே ஒரு தர்மம் அது.

சிக்கல் இதற்குப் பிறகு. கண்ணுக்கு முன்னால் கிடக்கும் பொருளையே எண்ண முடியாது என்று ஆங்கிலம் சாதிக்கும். நாலு கதிரை, ஒரு மேசை, ஒரு அலுமாரி. முதலாம் வகுப்புப் பிள்ளை ஆறு என்று சொல்லிவிடும். ஆனால் ஆறையும் சேர்த்து 'ஃபர்னிச்சர்' என்று பெயர் வைத்தவுடன் எண்ணிக்கை காணாமல் போகிறது. 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதினால் டியூஷன் மாஸ்டர் சிவப்புப் பேனையைத் திறக்கிறார். பிரயாணப் பெட்டிகள் பத்து இருந்தாலும் 'லகேஜ்' ஒருமைதான். 'இன்ஃபர்மேஷன்' அப்படியே. 'அட்வைஸ்' இன்னும் மோசம். மாமியார் காலையில் மூன்றும் மத்தியானத்தில் ஐந்தும் சொல்லியிருக்கலாம்; மருமகள் ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணியும் வைத்திருக்கலாம். ஆங்கிலச் சட்டப்படி அந்த எட்டும் செல்லாது. இந்த வழிகாட்டியிலும் அட்வைஸ் உண்டு. எண்ண முடியாத சரக்கு என்பதால், எண்ணிக்கை குறைகிறது என்று வாசகர் முறையிட வழியில்லை.

தலைமுடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலையில் இருக்கும்வரை அது எண்ண முடியாதது, ஆகவே மச். சோற்றுக் கோப்பையில் கிடந்தால் எண்ணலாம். இந்த நுட்பத்தை ஆங்கில ஆசிரியரைவிட நன்றாக அறிந்தவர்கள் ஏ9 வீதியோரத்து ஸ்பைஸ் கார்டன் வழிகாட்டிகள். அவர்களிடம் முடி வளர ஓர் எண்ணெய் இருக்கிறது, முடி நீங்க ஒரு களிம்பும் இருக்கிறது. உல்லாசப் பிரயாணியின் காலில் நாணயக் குற்றி அளவுக்குக் களிம்பைத் தடவிவிட்டு, கொக்கோ மரத்தையும் வனிலாக் கொடியையும் சாதிக்காயையும் சுற்றிக் காட்டிவிட்டு வந்து துடைத்தால் அந்த இடம் மட்டும் வழுவழு. "சீ மேடம், நொட் மெனி ஹெயார்." பிழை என்று பாய்ந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் மிச்சமிருக்கும் முடியை இப்போது தாராளமாக எண்ணலாம்.

வெரி என்ற சொல்லைப் படிக்கவும் அதே தோட்டங்களுக்குத்தான் போகவேண்டும். எண்ணெய்க்கும் களிம்புக்கும் அங்கே ஒரே சான்றிதழ்: வெரி வெரி குட். ஒரு வெரி போட்டால் சரக்கு நல்லது என்று பொருள். இரண்டு போட்டால் டொக்டர்மார் அறியாத ரகசியம் என்று பொருள். மூன்றாவது வெரி வந்துவிட்டால் அடுத்து விலைப்பட்டியல் வரும், அதில் டொலர்க் குறி இருக்கும். உடம்பை இளைக்க வைக்கும் என்று சொல்லப்படும் சிவப்பு அன்னாசி பற்றிப் பேசும்போது நாலாவதும் விழலாம்.

வெரியை இப்படி அடுக்குவதை இலக்கணம் தடுக்கவில்லை. அது தடுப்பது வேறொன்றை. எக்ஸலன்ட், பர்ஃபெக்ட், யுனிக் போன்ற சொற்களுக்கு முன்னால் வெரி நிற்கக் கூடாது என்கிறது. சீகிரியாவின் உச்சிக்கு ஏறி முடித்தவர் மேலே போகப் படி எங்கே என்று கேட்பது போன்றது அது. அந்த வகைச் சொற்களுக்கென்று 'அப்சலூட்லி' இருக்கிறது. ரிவர்ஸ்டன் மலைக் காற்றில் நின்று 'வெரி கோல்ட்' என்று நடுங்கலாம். 'ஃப்ரீசிங்' என்று நடுங்க விரும்பினால் அப்சலூட்லிதான் போட வேண்டும். 'வெரி ஃப்ரீசிங்' என்று சொன்னால் குளிர் கூடாது, புள்ளி குறையும்.

நம் ஊரில் வெரி இல்லாமலேயே காரியம் நடந்து வந்திருக்கிறது. சொல்லை இரண்டு தரம் சொன்னால் போதும்: சுடச்சுட, சின்னச் சின்ன, தூரத் தூர. சிங்களத்திலும் இதே வித்தைதான். அதனால்தான் நம்மவர் ஆங்கிலத்தில் அப்பம் 'ஹொட் ஹொட்' ஆக இருக்கிறது, வெங்காயத்தை 'ஸ்மோல் ஸ்மோல்' ஆக வெட்டுகிறார்கள். இலங்கை ஆங்கிலத்துக்கென்று மைக்கல் மெய்லர் 2007இல் தனி அகராதியே போட்டிருக்கிறார். ஆகவே 'ஹொட் ஹொட் ஹொப்பர்ஸ்' என்று சொல்லிவிட்டு யாரும் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதில்லை. சூடு எந்த ஊர் அப்பத்தில் அதிகம் என்பதுதான் கேள்வி.

வெரியின் சரியான எடை என்ன என்று அறிய விரும்புபவர்கள் பரீட்சைத் திணைக்களத்தைப் பார்க்கலாம். உலகில் வேறெந்த அமைப்பும் செய்யாததை அது செய்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் பி எடுத்தால் ஆங்கிலத்தில் அதற்கு 'வெரி குட்' என்று பெயர். 65 முதல் 74 வரை. 75ஐத் தொட்டுவிட்டால் வெரி கழன்று 'டிஸ்டிங்ஷன்' ஆகிவிடும். வெரி போட்டுப் பாராட்டப்பட்ட பிள்ளையின் வீட்டில் அன்று இரவு சோறு இறங்காததற்கு இதுவே காரணம்.

அடுத்தது ஃபியூ. இதற்கு முன்னால் ஒற்றை எழுத்து 'எ' நிற்கிறதா இல்லையா என்பதில் ஒரு மனிதனின் குணமே தெரிந்துவிடும். 'எ ஃபியூ' என்றால் சிலது இருக்கிறது, பரவாயில்லை. வெறும் 'ஃபியூ' என்றால் சிலதுதான் இருக்கிறது, ஐயோ. சீகிரியாப் பாறையில் ஒருகாலத்தில் 500 ஓவியப் பெண்கள் இருந்ததாகச் சொல்வார்கள். வெயிலும் மழையும் தின்றது போக, 1967இல் விஷமிகள் வர்ணம் பூசிச் சிதைத்ததையும் தாண்டி, இன்று பார்க்கக் கிடைப்பவர்கள் இருபதை ஒட்டி. இவர்களை 'ஃபியூ' என்பவர் தொல்பொருள் அறிஞர், 'எ ஃபியூ' என்பவர் டிக்கெட் விற்பவர். 'ஒன்லி ஃபியூ' என்பவர் டியூஷனைப் பாதியில் விட்டவர். ஒன்லி போட்டால் எ கட்டாயம் வரவேண்டும்.

அந்த 500ஐப் பற்றி ஒரு வார்த்தை. அலுவிகாரையில் திரிபிடகத்தை ஏட்டில் எழுதிய பிக்குகளும் 500 பேர் என்பதே மரபு. சீகிரியாவிலும் 500, அலுவிகாரையிலும் 500. இந்த மாவட்டத்தில் எ லொட் ஒஃப் என்பதற்கு 500 என்று பெயர் என்று குறித்துக்கொள்ளுங்கள். சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் யாத்திரிகர்கள் கிறுக்கிவிட்டுப் போன பாட்டுகளையோ செனரத் பரணவிதான ஒவ்வொன்றாகப் படித்து 1956இல் அச்சேற்றினார். அவர் கணக்கில் 685. ஐந்நூறோடு நிறுத்தாமல் மீதியையும் எண்ணியவர் என்பதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

லிட்டிலும் ஃபியூவின் தம்பிதான். எண்ண முடியாத பக்கத்து வேலையைப் பார்க்கிறது. இதைப் படிப்பிக்க இந்த மாவட்டத்தைவிட வசதியான வகுப்பறை கிடையாது. கிழக்கே நக்கிள்ஸ் மலையடியில் ஈரம் காயாது. வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பக்கம் உலர் வலயம். மலையில் 'எ லிட்டில் ரெயின்' என்று சொல்லிக் குடையை மறந்து போகலாம். பெரிய வெங்காயம் நட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற கலேவெலக்காரர் 'லிட்டில் ரெயின்' என்பார். ஒரே மாவட்டம், ஒரே மாவட்டச் செயலாளர், இடையில் காணாமல் போனது ஓர் 'எ'. அந்த வெங்காயம் நன்றாகவே விளைந்துவிட்டாலும் கதை முடியாது. அறுவடை நேரம் பார்த்து இறக்குமதிக் கப்பல் வந்துவிட்டால் 'இனஃப்' ஆக இருந்த வெங்காயம் ஒரே இரவில் 'டூ மச்' ஆகிவிடும்.

லெஸ், ஃபியூவர் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர் என்பது விதி. ஆங்கிலேயரே அதை மதிப்பதில்லை. பத்துச் சாமானும் அதற்குக் குறைவும் என்று சொல்லும் இடத்தில் லெஸ் போட்டு வைத்திருந்த பிரித்தானிய டெஸ்கோ கடைக்காரர்கள், இலக்கணக்காரரின் தொல்லை தாங்காமல் 2008இல் 'அப் டு' என்று பலகையை மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

இனி வருவதுதான் மேல் வகுப்புப் பாடம். இதற்கு மலைக்குப் போகவேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எண்ண முடியாதது. ஆகவே நிறுப்பார்கள், நிறுத்த பிறகு கழிப்பார்கள்: பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு. எந்தத் தோட்டத்திலும் மழை நாளில் கேட்கக் கூடிய உரையாடல் இது.

"ஐயா, எனக்கு எத்தன கிலோ?"

"பதினஞ்சு."

"தராசுல பதினெட்டு காட்டுச்சே ஐயா."

"மழைக் கொழுந்தும்மா. தண்ணிக்குச் சம்பளம் போட ஏலுமா?"

மாணவர்கள் கவனிக்க. தண்ணீர் எண்ண முடியாத பெயர்ச்சொல், ஆனால் கழிக்கக் கூடியது.

கொழுந்து எடுக்கிறவர் எண்ணக்கூடியவர். காலையில் பிரட்டுக்களத்தில் எண்ணுகிறார்கள், செக்ரோலில் பதிகிறார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. தோட்டம் விதித்த கிலோவை எடுத்தால் அன்றைக்குப் 'பேர்' உண்டு, அதாவது முழு நாள் சம்பளம். எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. ஆங்கிலத்தில் அரை ஆப்பிள் உண்டு, அரை மணி உண்டு, அரை ஆள் கிடையாது. லண்டனில் உட்கார்ந்து இலக்கணம் எழுதியவர்களுக்கு இந்த வடிவம் எட்டவில்லை. இரண்டு அரைப்பேர் வாங்கிய பெண்ணை ஒருமையில் எழுதுவதா பன்மையில் எழுதுவதா என்பதைச் சம்பளச் சிட்டைதான் தீர்க்கிறது.

ஆட்களையே எண்ண முடியாதவர்கள் ஆக்கும் வழியும் ஆங்கிலத்தில் இருக்கிறது, இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான். 'வேர்க்கர்' என்றால் எண்ணலாம்: எத்தனை பேர், யார் யார், ஊர் எது. 'லேபர்' என்று பெயரை மாற்றிவிட்டால் எண்ண வேண்டியதில்லை. லேபர் வந்தது, லேபர் போதவில்லை, லேபர் ஓடிவிட்டது. மச் லேபர், லிட்டில் லேபர், எ கிரேட் டீல் ஒஃப் லேபர். கோப்பிக் காலத்துத் தோட்டத்துரைகளின் எழுத்தில் தேடிப்பார்த்தால் உரமும் அரிசியும் லேபரும் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். ஒரு பொருளை எண்ணலாமா கூடாதா என்பதை அந்தப் பொருள் தீர்மானிப்பதில்லை. செக்ரோலை வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார்.

கோப்பிக்காக வந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் கரையேறி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். மாத்தளை அந்த நடையின் வாசல். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெனி போட வேண்டிய இடத்தில் அன்றைக்கே மச் போட்டு எழுதிவிட்டார்கள். மச்சைப் பிறகு எண்ண முடியாது. போய்ச் சேர்ந்த கோப்பிக்குக் கணக்கு இருக்கிறது.

துரைமாரும் சும்மா இருக்கவில்லை, தமிழ் படித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஃபெர்குசன் குடும்பத்தார் சின்னத்துரைமாருக்காகச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு தமிழ் வழிகாட்டி போட்டார்கள். அதன் பெயர் 'இங்கே வா'. ஒரு மொழியைக் கற்க ஆரம்பிப்பவருக்கு வணக்கமும் நலமும் சொல்லித் தருவதுதான் வழக்கம். இந்த நூல் அட்டையிலேயே ஏவல் வினையைப் பழக்கிவிட்டது. இப்படிப்பட்ட வழிகாட்டி நூல்களுக்கு மாத்தளைக்காரர்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. எனக்குத் தெரிந்தவரை, எதிர்த்திசையில் 'அங்கே போ' என்று ஆங்கில வழிகாட்டி எதையும் நம்மவர் போடவில்லை.

'சம்' என்ற சொல்லைப் பலர் லேசாக நினைக்கிறார்கள். சிலது, கொஞ்சம் என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். ஓர் எண்ணுக்கு முன்னால் வந்தால் அது 'ஏறக்குறைய' ஆகிவிடும் என்பதுதான் தெரியாது. உதாரணத்துக்கு 1848. தேசாதிபதி டொரிங்டன் வந்து புதிய வரிகளைப் போட்டார்: துப்பாக்கிக்கு, கடைக்கு, நாய்க்கு. நாய் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்டவேண்டும். எண்ணக்கூடிய பெயர்ச்சொல் என்றால் என்னவென்று மாத்தளைக் கிராமத்தார் கற்றது அந்த வருடம்தான். வீட்டு வாசலில் எத்தனை நாய் படுத்திருக்கிறது என்று இங்கிலாந்து ராணியின் பெயரால் கேட்டார்கள். ஜூலையில் கிளர்ச்சி வெடித்தது: தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்குத் தம்புள்ளை விகாரையில் முடிசூட்டிவிட்டு ஜனங்கள் மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்தார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவை ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். ராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை இருந்தது. கணக்கு இப்படி: படையில் காயப்பட்டவர் 'ஒன் சோல்ஜர்', கொல்லப்பட்ட ஜனங்கள் 'சம் டூ ஹண்ட்ரட்'. தன் பக்கத்து ஆள் என்றால் ஒன், மறுபக்கத்து ஆள் என்றால் சம். நாயைச் சரியாக எண்ணியவர்கள் ஆட்களை ஏறக்குறைய எண்ணினார்கள். இங்கிலாந்துப் பாராளுமன்றம் விசாரித்தது; 1850இல் டொரிங்டன் திரும்பிப் போனார். மாத்தளையில் டொரிங்டன்கள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று கேட்டால் 'ஒன் லெஸ்' என்பதே சரியான விடை.

'த ரெஸ்ட்' என்பதற்கு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியைப் பாருங்கள். நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழர்களை 9,75,000 என்று மதிப்பிட்டுக்கொண்டு இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000? அதைப் பிறகு பார்ப்போம் என்று எழுந்துவிட்டார்கள். பிறகு என்பது 1974. அப்போது அதைச் சரிபாதியாக, ஆளுக்கு 75,000 என்று வெட்டினார்கள். பத்து வருடம் ஒன்றரை லட்சம் பேர் ஓர் அளவுச் சொல்லாக லயத்துக் காம்பராக்களில் குடியிருந்தார்கள். இலக்கணத்தில் 'ஈச்', 'ஈதர்', 'போத்' என்ற சொற்களைப் படிப்பிக்க இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு அகப்படாது. 'ஈச்' என்றால் ஒவ்வோர் அரசாங்கமும். 'ஈதர்' என்றால் இரண்டில் ஏதாவது ஒரு நாடு. 'போத்' என்றால் இரண்டுமே, அது மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை.

கீழே இறங்குவோம். டூவும் வெரியும் ஒன்றல்ல. வெரி என்றால் மிக. டூ என்றால் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் திருகோணமலை வீதியில் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் 'வெரி டோல்' என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். 'டூ டோல்' என்றால் மின்சார சபைக்காரரைக் கூப்பிட வேண்டும். கோயிலின் 108 அடி கோபுரத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது வீதியில் வருவதில்லை. 'டூ லேட்' என்பதற்கு மாத்தளை ரயில் நிலையம். கோப்பி ஏற்றத்தான் பாதை போட்டார்கள். 1869இலேயே கோப்பியை அழித்த இலைநோய் தலைகாட்டிவிட்டது, ரயில் வந்தது 1880இல்.

டூவுக்கு எதிரே நிற்பது இனஃப். தோட்டத் தொழிலாளர் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுப் பல வருடம் போராடியபின் 2021இல் சம்பள நிர்ணய சபை 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று ஆயிரத்தை அறிவித்தது. கம்பனிகள் டூ மச் என்று நீதிமன்றம் போயின. தொழிலாளிக்கு அது நொட் இனஃப். ஒரே ஆயிரம்! இனஃப் என்ற சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் பெயரடைக்குப் பின்னாலும் வரும் என்று இலக்கணம் சொல்கிறது. சம்பளத்தைப் பொறுத்தவரை அது எப்போதும் மாதத்துக்குப் பின்னால்தான் வருகிறது.

குவைட்டில் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்கர் வாயில் அது பாராட்டைக் கூட்டும். பிரித்தானியர் வாயில் பெரும்பாலும் குறைக்கும். 'குவைட் குட்' என்று துரை சொன்னால் மோசமில்லை என்று பொருள். 'குவைட் இம்பொசிபிள்' என்றால் மட்டும் முழுக்க முழுக்க இம்பொசிபிள். நற்சான்றுப் பத்திரத்தில் 'குவைட் ஹொனஸ்ட்' என்று யாராவது எழுதித் தந்தால் அதை வேலைக்கு அனுப்பாதீர்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

மோஸ்டை மனு எழுதுகிறவரிடமே விட்டுவிடலாம். கச்சேரி வாசலில் தட்டச்சு யந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவர் கை தானாகவே 'மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுலி' என்று ஆரம்பித்து 'மோஸ்ட் ஹம்ப்ளி' என்று முடிக்கும். இடையில் கேட்கப்பட்டிருப்பது ஒழுகுகிற கூரைக்கு எ ஃபியூ தகரம்.

பயிற்சி. கோடிட்ட இடங்களைப் பொருத்தமான அளவுச் சொற்களால் நிரப்புக.

தம்புள்ளைக்கு இன்று ______ வெங்காயம் வந்திருக்கிறது. (முதலில் விவசாயி நிரப்பவும். அழித்துவிட்டு வியாபாரி நிரப்பவும்.)

இந்த எண்ணெய் முழங்கால் வலிக்கு ______ ______ ______ குட். (எத்தனை கோடு தேவை என்பதைப் பிரயாணியின் சப்பாத்தைப் பார்த்து முடிவு செய்க.)

தேர்தலுக்கு முன் தோட்டத்துக்கு ______ வாக்குறுதிகள் வந்தன. பின் ______ வந்தன. (இரண்டாவது கோட்டில் 'எ' சேர்க்க வேண்டாம்.)

பஸ்ஸில் பின்னால் ______ இடம் இருக்கிறது. (இதைக் கொண்டக்டரே நிரப்பிக்கொள்வார்.)